பிரவுசர் சொன்னால் நம்பிவிடலாமா?

கே: பக்கம் முழுக்க மறுபடி லோட் ஆகாமல் பின்னணியில் சர்வரோடு பேசும் ஏஜாக்ஸ் வித்தையை ஆரம்பித்துவைத்தது கூகுள்தானே?

ப: இல்லை, மைக்ரோசாஃப்ட். அவுட்லுக் அஞ்சலைப் பிரவுசரிலேயே படிக்கும் வசதியை அந்த நிறுவனம் 90-களின் கடைசியில் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அஞ்சலைத் திறக்கும்போதும் பக்கம் முழுக்க வெள்ளையாகித் திரும்ப வந்தால் யார் பொறுப்பார்கள்? அதற்காக அந்தக் குழு எழுதிய சின்னத் துணைக்கருவி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வெளியானது. பின்னால் மொஸில்லா அதையே எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற பெயரில் தன் பிரவுசரில் சேர்த்தது. அதன் பலத்தை ஊருக்கெல்லாம் காட்டியவை 2004-இல் வந்த ஜிமெயிலும் 2005-இல் வந்த கூகுள் மேப்ஸும். 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் எழுதிய கட்டுரைதான் ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தது. இன்று ஃபெட்ச் என்று எழுதுகிறோம். வேலை அதேதான், ஆபத்துகளும் அவையேதான்.

கே: ஜாங்கோவில் ஓர் ஆப் எழுதுகிறேன். ஃபார்ம் மூலம் அனுப்பினால் போகிறது. ஃபெட்ச் மூலம் போஸ்ட் செய்தால் 403 வருகிறது. தேடிப் பார்த்ததில் ஒரு டெகரேட்டர் கிடைத்தது. வியூவுக்கு மேலே அந்த ஒரு வரியைப் போட்டதும் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

ப: அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 403 என்பது கோளாறு இல்லை. உங்கள் பயனர்களுக்காக ஜாங்கோ செய்யும் காவல், அந்த வரி அதை அணைத்துவிடுகிறது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். பயனர் லாகின் செய்ததும் அவர் பிரவுசரில் ஒரு குக்கி உட்காருகிறது. அதற்குப் பிறகு உங்கள் தளத்துக்குப் போகும் ரிக்வெஸ்ட்டோடு அந்தக் குக்கியும் தானாகவே போகும். ரிக்வெஸ்ட்டைக் கிளப்பியது உங்கள் பக்கமா, பக்கத்து டேபில் திறந்திருக்கும் வேறொருவன் பக்கமா என்று குக்கிக்குத் தெரியாது. அந்த வேறொருவன் தன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபார்மை வைத்து, அதை உங்கள் தளத்தின் 'கடவுச்சொல் மாற்று' முகவரிக்குத் தானாகச் சமர்ப்பிக்கச் செய்தால் போதும். சர்வரின் கண்ணுக்கு வந்திருப்பது லாகின் செய்த, மரியாதைக்குரிய வாடிக்கையாளர். அவரோ அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். இதற்குத்தான் சிஎஸ்ஆர்எஃப் என்று பெயர். நெட்ஃப்ளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், 2006-இல், அதன் தளத்திலேயே இந்த ஓட்டை இருந்தது. வெளித்தளம் ஒன்று உங்கள் பெயரில் டிவிடிக்கு வரிசை போடலாம். டிவிடி போய்ச் சேரும் விலாசத்தையே மாற்றலாம்.

டோக்கன் என்பது இதற்கான தடுப்பு. உங்கள் பக்கத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சரம் ரிக்வெஸ்ட்டோடு வந்தாக வேண்டும் என்கிறது சர்வர். அடுத்தவன் பக்கத்தால் உங்கள் குக்கியை அனுப்பவைக்க முடியும். உங்கள் பக்கத்தைப் படிக்க முடியாது. ஆகவே டோக்கன் அவனுக்குக் கிடைக்காது. ஃபார்மில் ஜாங்கோ அதை மறைவான ஒரு உள்ளீடாக வைத்துவிடுகிறது, அதனால் ஃபார்ம் போகிறது. ஃபெட்சில் நீங்கள்தான் வைக்க வேண்டும்: சிஎஸ்ஆர்எஃப்டோக்கன் என்ற குக்கியிலிருந்தோ பக்கத்தில் இருக்கும் மறைவு உள்ளீட்டிலிருந்தோ மதிப்பை எடுத்து, எக்ஸ்-சிஎஸ்ஆர்எஃப்டோக்கன் என்ற ஹெடரில் அனுப்புங்கள். ரெயில்ஸில் எழுதுபவர்களுக்குப் பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா டேகாகவே கிடைக்கும்.

இரண்டு விஷயம் கூடுதலாக. ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக இதை எழுதாதீர்கள். ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதி, ஆப்பின் எல்லா ரிக்வெஸ்ட்டும் அதன் வழியாகவே போகட்டும். அந்த ஃபங்ஷன், போகிற முகவரி உங்கள் சொந்தத் தளம்தானா என்று பார்த்த பிறகே டோக்கனை ஒட்ட வேண்டும். வானிலை ஏபிஐக்குப் போகும் ரிக்வெஸ்ட்டிலும் டோக்கனை ஒட்டினால், ரகசியத்தை நீங்களே வெளியே கொடுத்ததாகிவிடும்.

கே: ஏஜாக்ஸ் ரிக்வெஸ்ட்டில் எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித் என்று ஒரு ஹெடர் வருகிறது. வெளித்தளத்து ஃபார்மால் அதை வைக்க முடியாது. அது இருக்கிறதா என்று பார்த்தாலே போதுமே?

ப: கெட்டிக்காரத்தனமான வாதம். ஜாங்கோவும் ரெயில்ஸும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டு, அந்த ஹெடர் இருந்தால் டோக்கன் கேட்காமல் விட்டன. 2011 பிப்ரவரியில் கணக்கு உடைந்தது. சில பிரவுசர் ப்ளக்இன்களும் ரீடைரக்டும் சேர்ந்தால், எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் விருப்பப்பட்ட ஹெடரோடு ரிக்வெஸ்ட் அனுப்பிவிடலாம் என்று கூகுள் பொறியாளர்கள் ரெயில்ஸ் குழுவிடம் சொன்னார்கள். ஜாங்கோ 1.2.5-உம் ரெயில்ஸ் 3.0.4-உம் அதற்காகவே வெளியாயின. அன்று முதல் ஏஜாக்ஸ் ரிக்வெஸ்ட்டுக்கும் டோக்கன் கட்டாயம்.

ஃப்ளாஷ் போன்ற ப்ளக்இன்கள் இன்று இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் 'இது வெளியிலிருந்து வரவே முடியாது' என்ற நம்பிக்கை பிரவுசரின் வேறெந்தப் பாகத்தையெல்லாம் சார்ந்து நிற்கிறது என்பது அன்றைக்கு அந்த இரண்டு குழுக்களுக்குமே பிடிபடவில்லை. அவர்கள் நம்மைவிட அனுபவசாலிகள். இன்னொன்று: அந்த ஹெடரை ஃபெட்ச் தானாக வைப்பதில்லை. ஜேக்வெரி வைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கே: குக்கியில் ஸேம்ஸைட் வந்த பிறகும் டோக்கன் எதற்கு?

ப: ஸேம்ஸைட், வெளித்தளத்திலிருந்து கிளம்பும் ரிக்வெஸ்ட்டோடு குக்கி போவதைத் தடுக்கும் அருமையான பாதுகாப்பு, குக்கியில் கட்டாயம் போடுங்கள். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், நீங்கள் எதுவுமே சொல்லாவிட்டாலும் அதை லேக்ஸ் என்றே குரோம் எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பிரவுசரும் அப்படி எடுத்துக்கொள்ளும் என்று எண்ணாதீர்கள், நீங்களே வெளிப்படையாக எழுதுங்கள். ஆனால் அது பார்ப்பது 'ஒரே தளமா' என்பதை. உங்கள் டொமைனின் கீழே யாரோ எப்போதோ தொடங்கிக் கைவிட்ட ஒரு சப்டொமைன் கெட்டவன் கைக்குப் போனால், அவனும் 'ஒரே தளம்'தான். தவிர, லேக்ஸில் இணைப்பைச் சொடுக்கி வரும் கெட் ரிக்வெஸ்ட்டோடு குக்கி வரும். இரண்டையும் வையுங்கள்.

கே: பதிவை நீக்கும் வேலைக்குக் கெட் ரிக்வெஸ்ட் பயன்படுத்தினால் என்ன? இணைப்பாகவே வைத்துவிடலாம், சுலபம்.

ப: 2005-இல் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் என்று ஒரு கருவி வந்தது. பக்கத்தில் இருக்கும் இணைப்புகளை, நீங்கள் சொடுக்கும் முன்பே போய் எடுத்துவைக்கும். 'நீக்கு' என்பதை இணைப்பாக வைத்திருந்த தளங்களில் அது ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. பதிவுகள் போயின. பயனர் எதையுமே சொடுக்கவில்லை. கெட் என்றால் படிப்பது மட்டும்.

கே: கன்சோலில் சிவப்புச் சிவப்பாக சிஓஆர்எஸ் பிழை. சர்வரில் அனுமதி ஹெடருக்கு நட்சத்திரக் குறி போட்டதும் மறைந்துவிட்டது. இதில் தப்பு உண்டா?

ப: வெளித்தளங்கள் உங்கள் பதிலைப் படிக்க அனுமதி தரும் ஏற்பாடுதான் சிஓஆர்எஸ். எல்லாருக்கும் பொதுவான, லாகின் தேவைப்படாத தகவலா? பேருந்து நேர அட்டவணை, ஊர்ப் பட்டியல் மாதிரி? தாராளமாக நட்சத்திரம் போடலாம். லாகின் சம்பந்தப்பட்டது என்றால் பிரவுசரே ஒத்துக்கொள்ளாது: குக்கியோடு போகும் ரிக்வெஸ்ட்டுக்கு நட்சத்திர அனுமதி செல்லாது என்பது விதி.

நான் உண்மையிலேயே பயப்படுவது அதற்கு அடுத்த படிக்கு. நட்சத்திரம் செல்லவில்லை என்றதும் பலர் செய்வது இது: வருகிற ஆரிஜின் ஹெடரில் என்ன இருக்கிறதோ அதையே அனுமதியாகத் திருப்பி எழுதி, குக்கிக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். பிழை மறைந்துவிடும். கூடவே, உலகத்தில் உள்ள எந்தத் தளமும் உங்கள் பயனரின் குக்கியோடு வந்து அவர் கணக்கு விவரத்தைப் படித்துக்கொண்டு போகலாம் என்றும் ஆகிவிடும். அனுமதிக்க வேண்டிய தளங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். முழுப் பெயரும் அச்சாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 'இந்தப் பெயரில் முடிகிறதா' என்று மட்டும் பார்க்கும் கோடு ஏமாறும், ஏனென்றால் அதே எழுத்துகளில் முடியும் ஒரு டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம்.

இன்னொரு பரவலான தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். சிஓஆர்எஸ் சர்வரைக் காப்பதில்லை. ஃபார்ம் அனுப்பக்கூடிய வகை போஸ்ட், அதாவது சாதாரண டெக்ஸ்ட், ஃபார்ம் தரவு, கோப்பு இணைத்த ஃபார்ம் ஆகிய மூன்றும், எந்த முன் விசாரணையும் இல்லாமல் நேராக உங்கள் சர்வருக்கு வந்துவிடும். பணம் மாற்றச் சொல்லியிருந்தால் பணம் மாறிவிடும். அதன் பிறகுதான் பிரவுசர் 'பதிலைப் படிக்க அனுமதி இல்லை' என்று அந்தப் பக்கத்திடம் சொல்லும். ஜேசன் என்று அறிவித்து அனுப்பினால் ஆப்ஷன்ஸ் என்ற முன் விசாரணை நடக்கும். ஆகவே ஜேசன் எதிர்பார்க்கும் சர்வர், கன்டென்ட்-டைப் ஹெடர் ஜேசன்தானா என்று பார்த்து, இல்லையென்றால் மறுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது ஜேசன் மாதிரி இருக்கிறதே என்று இளகிப் படித்தால், சாதாரண டெக்ஸ்ட் என்ற வேஷத்தில் முன் விசாரணையைத் தாண்டி வந்துவிடுவார்கள்.

கே: போஸ்ட்மேனில் போகிறது. பிரவுசரில் போகவில்லை. ஏன்?

ப: ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் வேறு தளத்தின் பதிலைப் படிக்கக் கூடாது என்ற 'ஒரே மூலம்' விதி பிரவுசருடையது. போஸ்ட்மேனுக்கு அது கிடையாது. திருடனின் ஸ்கிரிப்டுக்கும் கிடையாது.

கே: டோக்கன் போட்டாயிற்று, ஸேம்ஸைட் போட்டாயிற்று, சிஓஆர்எஸ் பட்டியலும் சரி. இனி நிம்மதிதானே?

ப: ஸாமி கம்கார் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

2005 அக்டோபர். மைஸ்பேஸ் அமெரிக்க இளைஞர்களின் பெரிய சந்திப்பு இடம். பயனர்கள் தங்கள் பக்கத்தை அலங்கரித்துக்கொள்ள எச்டிஎம்எல் எழுத அனுமதி உண்டு. ஸ்கிரிப்டுக்கு மட்டும் தடை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லையே தளம் வெட்டிவிடும். கம்கார் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து, ஜாவாவை ஒரு வரியிலும் ஸ்கிரிப்டை அடுத்த வரியிலும் போட்டு, பின்னணிப் படத்துக்கான சிஎஸ்எஸ் இடத்தில் நுழைத்தார். வடிகட்டிக்கு அது புரியவில்லை. சில பிரவுசர்கள் மட்டும் புரிந்துகொண்டு ஓட்டின.

அவர் பக்கத்தைப் பார்த்தவரின் பிரவுசர், பின்னணியில், எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் மூலம் வேலை பார்த்தது. ஸாமியை நண்பராகச் சேர்த்தது. அதே கோடைப் பார்த்தவரின் பக்கத்திலும் ஒட்டியது. அந்தப் பக்கத்தை அடுத்தவர் பார்த்தால் அவருக்கும் அதே கதி. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

நம் விஷயத்துக்கு வேண்டிய நுணுக்கம் இதற்குள் இருக்கிறது. மைஸ்பேஸில் டோக்கன் இருந்தது! நண்பராகச் சேர்க்கும் முன்பு ஒரு தற்செயல் சரத்தைத் தளம் கேட்கும். தானாகப் பரவும் அந்தக் கோடு, அதாவது புழு, என்ன செய்தது? முதலில் அந்தப் பக்கத்தை ஒரு கெட் ரிக்வெஸ்ட்டில் வாங்கி, அதற்குள் சரத்தைத் தேடி எடுத்து, அதையே வைத்து போஸ்ட் செய்தது. 'ஒரே மூலம்' விதியும் இடித்தது: சுயவிவரப் பக்கம் ஒரு சப்டொமைனில், நண்பர் சேர்க்கும் பக்கம் வேறொன்றில். உடனே அதே சுயவிவரப் பக்கத்தை முதன்மை முகவரியில் மறுபடி திறக்கவைத்து அதையும் கடந்துவிட்டார். உங்கள் பக்கத்துக்குள்ளேயே அந்நியனின் ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்துவிட்டால், டோக்கன், ஸேம்ஸைட், சிஓஆர்எஸ் மூன்றுமே அவனை வீட்டுக்காரன் என்றுதான் நினைக்கும்.

அதனால்தான் ஃபெட்ச் முடிந்து பதில் வந்த பின் நீங்கள் எழுதும் அடுத்த வரிக்கு இவ்வளவு முக்கியத்துவம். வந்த பெயரை, கருத்தை, விலாசத்தை இன்னர்எச்டிஎம்எல்-இல் கொட்டாதீர்கள். டெக்ஸ்ட்கன்டென்ட் இருக்கிறது, எழுத்தை எழுத்தாகவே காட்டும், ஓட்டாது. சர்வரும் ஜேசனை ஜேசன் என்றே அறிவித்து, 'வகையை நீயாக ஊகிக்காதே' என்று சொல்லும் நோஸ்னிஃப் ஹெடரையும் சேர்த்து அனுப்பட்டும்.

கம்கார் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு பாதுகாப்பு ஆய்வாளராகப் பேர் வாங்கினார்.

கே: லாகின் டோக்கனை லோக்கல்ஸ்டோரேஜில் வைப்பதா, குக்கியில் வைப்பதா? எங்கள் டீமில் இதற்கு ஒரு சண்டையே நடக்கிறது.

ப: எச்டிடிபிஒன்லி குக்கி. 2002-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இல் வந்த ஏற்பாடு அது. ஸ்கிரிப்டால் அந்தக் குக்கியைப் படிக்க முடியாது. லோக்கல்ஸ்டோரேஜில் இருப்பதைப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் எடுத்துக்கொண்டு போய், நாளைக்கும் நாளை மறுநாளும் தன் வீட்டிலிருந்தபடி பயன்படுத்தலாம். எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு: குக்கி என்றால் சிஎஸ்ஆர்எஃப் கவலை வரும். அந்தக் கவலைக்கு மருந்து இருக்கிறது, மேலே சொன்னதுதான். களவு போன டோக்கனுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது.

கே: தேடல் பெட்டியில் 'மதுரை' என்று தட்டினால் சில சமயம் 'மது' என்பதற்கான முடிவுகள் வந்து நிற்கின்றன. சர்வரில் கோளாறா?

ப: சர்வர் பாவம், இரண்டுக்கும் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. நீங்கள் 'மது' வரை தட்டியதும் ஒரு ரிக்வெஸ்ட் போனது. அது பொதுவான எழுத்து, ஆயிரக்கணக்கில் முடிவுகள், திரட்ட நேரம் பிடித்தது. 'மதுரை' என்று முடித்ததும் இரண்டாவது போனது. சிறிய பட்டியல், சட்டென்று வந்தது, திரையில் ஏறியது. அதற்குப் பிறகு முதல் ரிக்வெஸ்ட்டின் பதில் ஆடி அசைந்து வந்து, சரியாக இருந்ததை அழித்துவிட்டு உட்கார்ந்தது. அனுப்பிய வரிசையில்தான் பதில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஒவ்வொரு எழுத்துக்கும் அனுப்பாமல் 300 மில்லிசெகண்ட் பொறுத்து அனுப்பினால் எண்ணிக்கை குறையும். வரிசைக் குழப்பம் தீராது. தீர்வு, புது ரிக்வெஸ்ட் புறப்படும்போது பழையதை அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு ரத்து செய்வது. அல்லது ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்து, பதில் வரும்போது 'கடைசியாகக் கேட்டது இதுதானா' என்று பார்த்து, இல்லையென்றால் தூக்கி எறிவது.

தேடல் பெட்டியில் இது எரிச்சலோடு போய்விடும். மருத்துவமனை மென்பொருளில் யோசித்துப் பாருங்கள். நர்ஸ் ஒரு நோயாளியின் பெயரைச் சொடுக்குகிறார், தப்பு என்று தெரிந்து உடனே அடுத்த பெயருக்கு மாறுகிறார். தாமதமாக வந்த முதல் நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு, இரண்டாமவரின் பெயருக்குக் கீழே ஏறிவிட்டால்? அங்கே வரிசை எண் மட்டும் போதாது. பதிலுக்குள்ளேயே நோயாளியின் அடையாள எண் இருக்க வேண்டும். திரையில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால் மட்டுமே காட்ட வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்பவர்கள் இதை அலங்காரமாக நினைக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கே: டிக்கெட் பதிவுத் தளம். 'பணம் செலுத்து' பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பணம் பிடிக்கிறது. முதல் கிளிக்கிலேயே பட்டனை முடக்கிவிட்டேன். போதுமா?

ப: பட்டனை முடக்குவது நல்ல பழக்கம், அவசரக்காரர்களைத் தடுக்கும். ஆனால் ரயிலில் போகிறவரை நினைத்துப் பாருங்கள். அழுத்தினார், ரிக்வெஸ்ட் சர்வரை அடைந்தது, பணம் பிடிக்கப்பட்டது, பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் போயிற்று. அவர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு 'பிழை' என்கிறது. அவர் பக்கத்தை ரீலோட் செய்வார், பட்டன் புத்தம் புதிதாக வரும், மறுபடி அழுத்துவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

டைம்அவுட் என்றால் 'நடக்கவில்லை' என்று அர்த்தமில்லை, 'நடந்ததா என்று தெரியவில்லை' என்று அர்த்தம். இந்த ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் பாதி விபத்து குறையும். ரத்து செய்வதும் அப்படித்தான். அபார்ட் சொன்னால் பிரவுசர் காத்திருப்பதை நிறுத்தும், சர்வர் தொடங்கிய வேலையை அது திருப்பாது.

சரியான வழி இது. பயனர் அந்த ஆர்டரைத் தொடங்கும்போதே அதற்கென்று ஒரு தனிச் சாவியை உண்டாக்கி, சர்வரில் ஆர்டரோடு சேர்த்து வையுங்கள். கிளிக்குக்கு ஒரு சாவி வேண்டாம், ஆர்டருக்கு ஒன்று. எத்தனை தடவை அழுத்தினாலும், ரீலோட் செய்தாலும், அதே சாவிதான் போக வேண்டும். சர்வர் டேட்டாபேஸில் அந்தச் சாவிக்கு யூனிக் கட்டுப்பாடு போட்டு முதலில் எழுதிவிட்டு, பிறகே பணத்தைத் தொட வேண்டும். அதே சாவி மறுபடி வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல், முதல் தடவை கிடைத்த முடிவையே எடுத்துக் கொடுக்க வேண்டும். 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் எழுதுவது என்று இரண்டு படியாகச் செய்யாதீர்கள். இரண்டு ரிக்வெஸ்ட்டும் ஒரே நொடியில் தேடினால் இரண்டுக்கும் 'இல்லை' என்றே வரும். டேட்டாபேஸே மறுக்கட்டும். பணப் பரிமாற்ற ஏபிஐ தரும் ஸ்ட்ரைப் போன்ற நிறுவனங்கள் ஐடெம்பொடென்ஸி-கீ என்ற ஹெடரில் இதைத்தான் வாங்கிக்கொள்கின்றன.

திரையில் என்ன சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். முடிவு தெரியாத நிலையில் 'தோல்வி, மீண்டும் முயலவும்' என்று காட்டுவது பயனரிடம் சொல்லும் பொய். 'உங்கள் ஆர்டரின் நிலையைச் சரிபார்க்கிறோம்' என்று சொல்லி, உண்மையிலேயே சரிபாருங்கள். மாதக் கடைசியில் இரண்டு டிக்கெட் பணம் போனவரின் தவிப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

கே: ஃபெட்சைச் சுற்றி ட்ரை-கேட்ச் போட்டிருக்கிறேன். சர்வர் 500 அனுப்பினாலும் கேட்சுக்குள் வருவதில்லையே?

ப: வராது. நெட்வொர்க்கே போனால்தான் ஃபெட்ச் தோல்வி என்று சொல்லும். 404, 500 எல்லாம் அதன் கணக்கில் 'பதில் வந்துவிட்டது'. ரெஸ்பான்சின் ஓகே என்ற மதிப்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கே: எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று 'எதிர்பாராத குறி <' என்று ஜேசன் பிழை. மறுபடி லாகின் செய்தால் சரியாகிவிடுகிறது.

ப: பிழைச் செய்தியிலேயே விடை இருக்கிறது. அந்தக் கோணக்குறி எச்டிஎம்எல்-இன் முதல் எழுத்து. பயனர் சாப்பிடப் போனார், செஷன் முடிந்தது, சர்வர் லாகின் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்தது. ஃபெட்ச் சொல்லாமல் கொள்ளாமல் அதைப் பின்தொடர்ந்து போய் லாகின் பக்கத்தை 200 என்ற குறியோடு வாங்கி வந்தது. ஏபிஐ முகவரிகளுக்கு ரீடைரக்ட் வேண்டாம், 401 அனுப்புங்கள். முன்னால் எழுதச் சொன்ன அந்த ஒரே ஃபங்ஷன் 401-ஐப் பார்த்ததும் லாகின் கேட்கட்டும். பயனர் அரைமணி நேரம் தட்டிய விண்ணப்பத்தை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

கே: கூகுளின் சில ஜேசன் பதில்கள் )]}' என்று தொடங்குகின்றனவே, அச்சுப் பிழையா?

ப: வேண்டுமென்றே வைத்தது. வெளித்தளத்தின் ஸ்கிரிப்டை டேக் போட்டு இழுக்கப் பிரவுசர் அனுமதிக்கும். பழைய பிரவுசர்களில் இந்த வழியாக ஜேசன் பட்டியலையே ஸ்கிரிப்டாக இழுத்து, உள்ளே இருப்பதைக் களவாடலாம். ஜிமெயிலின் தொடர்புப் பட்டியலே இப்படிக் கசியும் என்று 2006-இல் ஜெரமையா கிராஸ்மன் காட்டினார். முன்னால் இந்தக் குப்பை எழுத்துகள் இருந்தால் ஸ்கிரிப்டாக ஓடாது. சொந்தப் பக்கம் அவற்றை வெட்டிவிட்டுப் படித்துக்கொள்ளும். இன்றைய பிரவுசர்களில் அந்தப் பழைய வழி அடைபட்டுவிட்டது.

கே: நிர்வாகி அல்லாதவர்களுக்கு 'நீக்கு' பட்டனை மறைத்துவிட்டேன். பாதுகாப்புதானே?

ப: இல்லை. மறைந்தது பட்டன், முகவரி அங்கேயேதான் இருக்கிறது.

கே: அனலிடிக்ஸ், சாட், விளம்பரம் என்று வெளியார் ஸ்கிரிப்ட் ஏழெட்டு எங்கள் பக்கத்தில் இருக்கிறது. பணம் செலுத்தும் பக்கத்திலும் இருக்கலாமா?

ப: கூடாது. ஒன்றுகூட இல்லாமல் இருந்தால் சந்தோஷம். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் வாலில் தாக்குதல்காரர்கள் 22 வரிகளைச் சேர்த்தார்கள். பயணி கார்டு விவரத்தை நிரப்பி அழுத்தியதும், டிக்கெட் ஒழுங்காகப் பதிவாகும். அதே நொடியில் பின்னணியில் இன்னொரு ரிக்வெஸ்ட், நிறுவனத்தின் பெயர் மாதிரியே தோன்றும் ஒரு டொமைனுக்கு, கார்டு எண்ணைச் சுமந்துகொண்டு போகும். பாதிக்கப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 அக்டோபரில் விதித்த அபராதம் 2 கோடி பவுண்ட்.

கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி என்ற ஹெடரில் கனெக்ட்-சோர்ஸ் என்று ஒரு வரி உண்டு. இந்தப் பக்கத்து ஸ்கிரிப்ட் எந்தெந்த முகவரிக்குப் பின்னணி ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்று அதில் எழுதிவைத்தால், பட்டியலில் இல்லாத முகவரிக்கு ஃபெட்சோ எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்டோ போக முயன்றால் பிரவுசரே நிறுத்திவிடும். ஃபார்ம் போகும் இடத்துக்கும் படம் வரும் இடத்துக்கும் தனித்தனி வரிகள் உண்டு. அவற்றையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் கார்டு எண் ஒரு படத்தின் முகவரியில் ஒட்டிக்கொண்டு வெளியேறும்.

கே: ரிக்வெஸ்ட் தோற்றால் உடனே மறுபடி அனுப்புவது சரியா?

ப: படிக்கும் வேலை என்றால் அனுப்பலாம், ஆனால் உடனே அல்ல. ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியைப் பெருக்குங்கள், கொஞ்சம் தற்செயலும் கலந்து. இல்லாவிட்டால் தடுமாறி எழுந்திருக்கும் சர்வரை உங்கள் பயனர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மறுபடி சாய்த்துவிடுவார்கள். 429 வந்தால் ரீட்ரை-ஆஃப்டர் சொல்லும் நேரம் வரை பொறுங்கள். பணம் சம்பந்தப்பட்டதை மேலே சொன்ன சாவி இல்லாமல் தானாக மறுபடி அனுப்பவே கூடாது.

கே: தனியாளாக ஓர் ஆப் எழுதி வெளியிடப் போகிறேன். பாதுகாப்பு நிபுணரை வைக்க வசதியில்லை. வெளியிடும் முன் நானே சோதிக்க ஒரு வழி சொல்லுங்கள், அண்ணா.

ப: ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள், தம்பி. இரண்டு கணக்கு தொடங்குங்கள், இரண்டு வேறு பிரவுசரில் லாகின் செய்யுங்கள். முதல் பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து, ஆப்பின் ஒவ்வொரு வேலையையும் செய்து பாருங்கள்: சேர்த்தல், திருத்தல், நீக்கல், பதிவிறக்கம். பட்டியலில் ரிக்வெஸ்ட்டுகள் வரிசையாக விழும். ஒவ்வொன்றின் மேலும் வலது கிளிக் செய்து கர்ல் கட்டளையாகக் காப்பி எடுத்து, டெர்மினலில் ஒட்டுங்கள்.

இப்போது கெடுக்க ஆரம்பியுங்கள். குக்கியை எடுத்துவிட்டு அனுப்புங்கள். குக்கியை அப்படியே வைத்துவிட்டு டோக்கனை மட்டும் நீக்கி அனுப்புங்கள். இரண்டாவது கணக்கின் குக்கியையும் டோக்கனையும் வைத்து, முதல் கணக்கின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணை ஒன்று கூட்டிக் கேளுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் ஒரு ஸ்கிரிப்ட் டேக் எழுதி அனுப்பி, அடுத்த பிரவுசரில் அது எழுத்தாகத் தெரிகிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு நெட்வொர்க் பகுதியிலேயே வேகத்தைக் குறைத்துவைத்து, 'பணம் செலுத்து' அழுத்தி, வட்டம் சுற்றும்போதே ஆஃப்லைனுக்கு மாற்றி, டேட்டாபேஸில் எத்தனை வரி விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

மறுக்க வேண்டிய ரிக்வெஸ்ட்டுக்கு 200 வந்த இடங்களையெல்லாம் குறித்துவையுங்கள். அடுத்தவருடைய பதிவைத் திறந்து காட்டிய முகவரி எதுவோ, அதிலிருந்து திருத்த ஆரம்பியுங்கள். முடிந்த பின்பு வெளியிடும் தேதியை முடிவு செய்யுங்கள்.